விடுதிக் கேட்டின் சாவி யாரிடம்?
வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி வளாகத்தில் தீப்பாதுகாப்பு

கல்லூரிகளிலும் விடுதிகளிலும் தீப்பாதுகாப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். தீயணைப்பான், அலாரம் என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வந்தது பூட்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

என் மகள் தங்கியிருக்கும் கல்லூரி விடுதியில் இரவு ஒன்பதரைக்கு கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை வார்டன் தன் அறைக்கு எடுத்துப் போய்விடுகிறார். கேட்டால், “பெண் பிள்ளைகள் பாதுகாப்புக்குத்தானே” என்கிறார்கள். என்ன சொல்லி வாதாடுவது?
– ஒரு தாய், நாமக்கல்

வெளியாள் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. உங்கள் மகளின் விடுதியில் ஒரே பூட்டு இரண்டையும் செய்கிறது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது அம்மா. முதல் வேலையை மட்டும் செய்யும் பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன.

வாதாட ஒரு பிடி வேண்டுமென்றால், தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியைச் சொல்லுங்கள். வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும் என்பது அதில் உள்ள விதி. விதியைக் காட்டினால் முகம் சுளிப்பார்கள் என்றால் 2001 ஆகஸ்ட் 6-ஐ நினைவூட்டுங்கள். அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் கருகியதற்குக் காரணம் தீ மட்டுமல்ல. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள்.

மாற்று வழிகள், செலவு குறைந்ததிலிருந்து:

உள்பக்கம் திருகு குமிழும் வெளிப்பக்கம் சாவியும் கொண்ட பூட்டு. உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் திறக்கும். வெளியே நிற்பவருக்குச் சாவி வேண்டும். கிரில் கேட்டில் பொருத்தும்போது ஒரு தவறு நடக்கும். வெளியிலிருந்து கம்பி இடைவெளியில் கைவிட்டு யாரும் குமிழைத் திருகிவிடலாம். குமிழைச் சுற்றி முழங்கை நீளத்துக்குத் தகடு அடித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

“பிள்ளைகள் ராத்திரி ஓடிவிட்டால்?” என்பது நிர்வாகத்தின் உண்மையான பயம். அதற்குத் தள்ளுதண்டுக் கதவு இருக்கிறது. இடுப்பு உயரத்தில் கதவின் குறுக்கே ஒரு தண்டு இருக்கும். தள்ளினால் கதவு திறக்கும், கூடவே சைரன் அலறி வார்டன் அறையில் விளக்கும் எரியும். திருட்டுத்தனமாக வெளியேற முடியாது, தீ வந்தால் யாரும் மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். கூட்டம் முட்டி மோதினாலும் திறக்கும் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

விரல்ரேகை வைத்துத் திறக்கும் காந்தப் பூட்டு போட்டிருந்தால், கரண்ட் போனதும் அது தானாக விட வேண்டும். ஆனால் பல இடங்களில் அதற்கு பேட்டரி பேக்கப் கொடுத்துவிடுகிறார்கள். மெயினை அணைத்த பிறகும் பூட்டு பிடித்தபடியே நிற்கும். தீ அலாரப் பெட்டியிலிருந்து ஒரு ரிலே (அலாரம் அடித்ததும் தானே இயங்கும் சுவிட்ச்) வந்து மின்சாரம், பேட்டரி இரண்டையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். கதவருகே உள்பக்கம் கண்ணாடி உடைத்து அழுத்தும் பச்சைப் பெட்டியும் வேண்டும்.

இதெல்லாம் வரும்வரை இன்றிரவு செய்யக்கூடியது: கேட்டுக்குப் பக்கத்தில், உள்பக்கம், கண்ணாடி முகப்புள்ள சிறு பெட்டியில் ஒரு சாவி. சாவியோடு சிவப்புப் பலகைத் துண்டு கட்டியிருக்கட்டும். சங்கிலியும் இரண்டாவது பூட்டும் வேண்டாம். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, அந்தச் சாவியால் ஒரு மாணவி கேட்டைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் பூட்டை மாற்றுங்கள். பூட்டு இறுகியிருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். சில வாரத்தில் தூசி பிடித்து முன்பைவிட மோசமாகும். பென்சில் கரித்தூள் நல்லது.

எங்கள் ஆண்கள் விடுதியில் தளத்துக்கு 120 பேர். இரண்டு மாடிப்படிகள். பின்பக்கப் படி பயன்பாட்டில் இல்லை, பழைய கட்டில் மெத்தைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். முன்பக்கப் படி ஒன்று போதாதா?
– விடுதிக் காப்பாளர், திருச்சி

கணக்குப் போட்டால் போதுமென்று தோன்றும் ஐயா. படிக்கு ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்பது கட்டட விதித்தொகுப்பின் அளவு. 120 பேருக்கு 1.2 மீட்டர். உங்கள் முன்படி ஒன்றரை மீட்டர் இருந்தால் தாளில் பாஸ்.

ஆனால் இரண்டாவது படி அகலத்துக்காக வைப்பதல்ல. முதல் படி புகையால் நிரம்பும்போது போக வேறு வழி வேண்டும் என்பதற்காக வைப்பது. மாடிப்படிக் கூடம் ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே பிடித்த தீயின் புகை முதலில் ஏறுவது அதில்தான். 2019 மே 24 அன்று சூரத்தில் பயிற்சி மையத்துக்கு வந்த 22 மாணவர்கள் உயிரிழந்தார்கள். இறங்க வழியில்லாமல் மாடியிலிருந்து பிள்ளைகள் குதித்ததை நாடே பார்த்தது.

உங்கள் பின்படியில் இருப்பவையோ மெத்தைகள். பஞ்சு மெத்தை தணலாக மணிக்கணக்கில் கனியும். ஃபோம் மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். வெளியேறும் வழியில் இதைவிட மோசமான சரக்கு எதையும் அடுக்க முடியாது. இந்த வாரமே காலி செய்யுங்கள். காலி செய்த பிறகு படியின் கீழ்க்கதவு திறக்கிறதா, வெளிப்புறமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே யாரோ பைக் நிறுத்தியிருப்பார்கள்.

ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். “வயர் எரியும்” என்கிறார்கள். எம்சிபி எதற்கு இருக்கிறது? ஓவர்லோடு ஆனால் அதுவே ட்ரிப் ஆகாதா?
– மூன்றாமாண்டு மாணவர், கோவை

நல்ல கேள்வி தம்பி. எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச். அது ட்ரிப் ஆக வேண்டும், ஆனால் பல இடங்களில் ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5. அயர்ன்பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.3. மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். சுவரில் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு.

எம்சிபி எங்கே கோட்டை விடுகிறது? ஒன்று, அறையில் அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று புகார் போனதும் எலெக்ட்ரீஷியன் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் எம்சிபி மாட்டிவிட்டுப் போயிருப்பார். சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அதே 1.5 சதுர மில்லிமீட்டர். இப்போது எம்சிபி ட்ரிப் ஆவதற்கு முன்பே வயர் எரியும். இரண்டு, எம்சிபி பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும். ப்ளக் முள் தளர்ந்து லூஸ் கான்டாக்ட் ஆனால், 6 ஆம்பியர் ஓடும்போதே அந்த ஒரு புள்ளி கருகும், உருகும். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ப்ளக்கைத் தொட்டால் சுடுகிறதா, சாக்கெட்டின் துளை பழுப்பேறியிருக்கிறதா? அங்கேதான் அடுத்த தீ.

விடுதி நிர்வாகத்துக்கும் ஒன்று: பிடுங்குவதோடு நின்றால் அடுப்பு கட்டிலுக்கு அடியில் ஒளியும். துணிமூட்டைக்குப் பக்கத்தில் ஒளிந்து எரியும் அடுப்பு, மேசை மேல் இருப்பதைவிட ஆபத்து. தளத்துக்கு ஒரு சிறு சமையல் மேடை கட்டுங்கள். டைல்ஸ் ஒட்டிய சுவர், 4 சதுர மில்லிமீட்டர் வயர், ஒவ்வொரு 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் தனி எம்சிபி, எல்லாவற்றுக்கும் சேர்த்து, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இரவு பதினொன்றுக்கு அணைக்க ஒரு டைமர். நள்ளிரவு நூடுல்ஸை ஒழிக்க எந்த வார்டனாலும் முடிந்ததில்லை.

கொசுவர்த்தியால் தீப்பிடிக்குமா?
– மாணவி, தஞ்சாவூர்

பிடிக்கும். போர்வை நுனி மேலே விழுந்தால் போதும், முதலில் சுடர் இல்லாமல் கனியும். எவர்சில்வர் தட்டில் வைத்து, கட்டிலிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் மட்டும் கூடாது.

எங்கள் கல்லூரியில் நாற்பது சிவப்பு சிலிண்டர்கள் மாட்டியிருக்கிறோம். ஆண்டுதோறும் ஆள் வந்து ஸ்டிக்கர் ஒட்டிப் போகிறார். இது போதுமா?
– நிர்வாக அலுவலர், திருநெல்வேலி

ஸ்டிக்கர் தீயை அணைக்காது. மாதம் ஒருமுறை உங்கள் ஆளே பார்க்க வேண்டியவை இவை.

பவுடர் வகையில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். கைப்பிடியில் செருகிய ஊசியும் முத்திரையும் இருக்க வேண்டும். குழாய் நுனிக்குள் பாருங்கள். நம் ஊரில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், முள் பச்சையில் இருந்தாலும் பவுடர் வெளியே வராது. மாதக்கணக்கில் அசையாமல் தொங்கும் பவுடர் அடியில் இறுகும். தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே சரிவது கையில் உணர்வாகத் தெரியும்.

கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாயுவின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பணும். தராசு கொண்டுவராமல் ஸ்டிக்கர் ஒட்டும் ஆளை அடுத்த ஆண்டு கூப்பிடாதீர்கள்.

உடலில் அழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு ஐந்தாண்டு, பவுடருக்கு மூன்றாண்டு. எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டர் நடப்பதற்குள் ஒன்று கைக்கு எட்ட வேண்டும். நாற்பதும் அலுவலக வராந்தாவில் அழகாக வரிசையில் நின்றால் பயனில்லை.

இன்னொன்று. நிரப்பக் காலம் வந்தவற்றை அப்படியே கம்பெனியிடம் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் மைதானத்தில் ஒரு தகரத் தட்டில் தீ மூட்டி, மாணவர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். ஊசியை இழுத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியைக் குறிவைத்து இடவலமாக வீச வேண்டும். 6 கிலோ சிலிண்டர் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பது அடித்துப் பார்த்தவருக்குத்தான் உறைக்கும். ஒரு சிலிண்டருக்கு அடங்காத தீ என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவதே வேலை.

மெஸ்ஸில் தினம் எட்டு சிலிண்டர் வாங்கி அடுக்குகிறார்கள். இதற்கு அளவு உண்டா? வடைச் சட்டியில் தீப்பிடித்தால் என்ன செய்வது?
– மெஸ் குழு மாணவர், சிதம்பரம்

உண்டு. எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-இன்படி உரிமம் இல்லாமல் 100 கிலோ எல்பிஜி வரைதான் வைக்கலாம். 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்ததும் வரம்பு தாண்டுகிறது. எட்டு வேண்டுமென்றால் உரிமம் பெற்று, கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான கூண்டில் வைத்து, குழாய் மூலம் அடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கூண்டுக்கு அருகில் சாக்கடைத் திறப்போ தாழ்வான அறையோ கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஓடி, பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள்! விடியற்காலை அடுப்படிக் கதவைத் திறக்கும்போது வாடை வந்தால் லைட்டையும் எக்ஸாஸ்டையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே வந்து 1906-க்கு அழைக்கவும்.

எண்ணெய்த் தீக்கு மூடிதான் மருந்து. அடுப்பை அணைத்து, சட்டியின் வாயை முழுவதும் மறைக்கும் தட்டை ஓரத்திலிருந்து தள்ளி மூடணும். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயை அது கூரைவரை வீசும். மூடியதைக் கால் மணி நேரம் திறக்காதீர்கள். எண்ணெய் சூடு குறையாமல் காற்றுப் பட்டால் மறுபடி தானே பற்றும். சட்டி அளவுக்கு ஒரு மூடி அடுப்புக்கு அருகிலேயே, ஆனால் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டாத பக்கத்தில், தொங்கட்டும்.

புகை அலாரம் வாரத்துக்கு ஒருமுறை சும்மா அடிக்கிறது. பிள்ளைகள் டிடெக்டரில் பாலிதீன் கவர் கட்டிவிட்டார்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.
– உதவிக் காப்பாளர், சென்னை

இந்தக் கடிதத்தைத்தான் நாங்கள் கவலையோடு படித்தோம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் போலண்ட் ஹால் விடுதியில் அதுவரை பொய் அலாரங்கள் தொடர்ந்து அடித்திருந்தன. 2000 ஜனவரி 19 அதிகாலை நிஜத் தீ வந்தபோது, இதுவும் வழக்கமானதுதான் என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. பொது அறையில் ஒரு சோபாவில் பற்றிய தீ அது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலம் எல்லா மாணவர் விடுதிகளிலும் ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானே திறந்து நீர் தெளிக்கும் குழாய்) கட்டாயம் என்று சட்டம் போட்டது.

சும்மா அடிப்பதற்குக் காரணம் இருக்கும். குளியலறை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தால் வெந்நீர் ஆவி. பேன்ட்ரி அருகில் என்றால் தாளிப்புப் புகை. அங்கே புகை டிடெக்டரை எடுத்துவிட்டு வெப்ப டிடெக்டர் போடுங்கள். மற்ற இடங்களில் தூசியும் சிலந்தியும்தான். எந்த எண் டிடெக்டர், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் குற்றவாளிகள் இரண்டு மூன்றுதான் என்று தெரிந்துவிடும். பாலிதீனை இன்றே கழற்றுங்கள். தூங்குகிறவரைப் புகை வாடை எழுப்பாது. எழுப்புவது சத்தம்தான்.

மூன்றாவது மாடி. இரவில் விழித்தால் வராந்தா முழுக்கப் புகை. ஓடுவதா, அறையிலேயே இருப்பதா?
– மாணவி, வேலூர்

முதலில் புறங்கையால் கதவைத் தொடுங்கள். சுட்டால் திறக்காதீர்கள். சுடவில்லை என்றால் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். படி தெரிந்தால், குனிந்தோ தவழ்ந்தோ, ஒரு கை சுவரோடு போங்கள். கீழே ஓரளவு மூச்சுவிடக் காற்று இருக்கும். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், பூட்டாமல். லிஃப்ட் கூடாது.

படி தெரியாத அளவு கறுத்த புகை என்றால் உள்ளேயே இருங்கள். அது கோழைத்தனம் இல்லை. சாத்திய மரக்கதவு நல்ல அவகாசம் தரும். கதவின் அடி இடுக்கில் நனைத்த துண்டைத் திணியுங்கள், ஃபேனை அணையுங்கள், ஜன்னலில் நின்று செல்போன் டார்ச்சை ஆட்டுங்கள். போனில் அறை எண்ணைச் சொல்லுங்கள். புடவை துப்பட்டாவை முடிச்சிட்டு இறங்குவது சினிமாவில்தான் சரிவரும்.

விடுதி போர்ட்டிகோவில், படிக்குக் கீழே, இ-ஸ்கூட்டர்களுக்கு சார்ஜிங் பாயின்ட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– முதல்வர் அலுவலகம், சேலம்

சார்ஜிங் கொடுங்கள், அந்த இடத்தில் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் கீழ்த்தள இ-ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை, மாடிப்படி வழியே மேலே இருந்த ஓட்டலுக்கு ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் சூடாகி வெடித்தால் அடுத்த செல்லையும் பற்றவைக்கும். பவுடர் அடித்தால் சுடர் தணியும், சூடு தணியாது, மறுபடி பிடிக்கும். கட்டடத்திலிருந்து தள்ளி, திறந்த ஷெட்டில், மேலே கூரை மட்டும் போட்டுக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியை அறைக்குக் கொண்டுபோவதற்குத் தடை போடுங்கள்.

வேதியியல் ஆய்வகத்தில் ஈதரை ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். தப்பா?
– ஆய்வக உதவியாளர்

தப்பு. வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளே தெர்மோஸ்டாட்டிலும் விளக்கு சுவிட்சிலும் பொறி தெறிக்கும். ஈதர் ஆவிக்கு அது போதும். உள்ளே பொறி வராத ஆய்வக ஃப்ரிட்ஜ் தனியாக உண்டு. அந்த ஃப்ரிட்ஜில் டிபன்பாக்ஸும் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறார்கள். எப்படி?
– என்எஸ்எஸ் அலுவலர், மதுரை

பகல் பதினொரு மணிக்கு விருந்தினரை அழைத்து நடத்தும் ஒத்திகை புகைப்படத்துக்கு ஆகும். விடுதிக்கு வேண்டியது அதிகாலை ஐந்து மணி ஒத்திகை. முதல் முறை நாள் சொல்லி, இரண்டாம் முறை சொல்லாமல். அப்போது முன்படியில் ஒருவர் நின்று, “இந்தப் பக்கம் புகை” என்று அட்டை பிடித்து மறிக்கட்டும். பின்படியின் நிலை அப்போதுதான் வெளிச்சமாகும்.

குறிக்க வேண்டியது மூன்று: அலாரத்திலிருந்து கடைசி ஆள் வெளிவர எவ்வளவு நேரம், எந்த இடத்தில் கூட்டம் தேங்கியது, எந்த அறைக்கு அலாரமே கேட்கவில்லை. வெளியே வந்ததும் தலை எண்ணணும். அதற்கு அன்றைய அவுட்பாஸ் நோட்டு கேட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனவரைத் தேடி யாரும் புகைக்குள் போகக் கூடாது அல்லவா? நடக்க முடியாத மாணவருக்குத் தரைத்தளத்தில் அறை கொடுங்கள். கூடவே இரண்டு நண்பர்கள் பெயர் எழுதி வையுங்கள், ஒருவர் மட்டும் என்றால் அவர் அன்று ஊரில் இருக்க மாட்டார். கூடும் இடம் தீயணைப்பு வண்டி வரும் பாதையில் வேண்டாம்.

வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்லூரி முகப்பு வளைவைப் பெரிதாகக் கட்டுகிறோம், அகலமாகக் கட்டுகிறோமா? நுழைவாயில் குறைந்தது 6 மீட்டர் அகலம், வளைவுக்குக் கீழே 4.5 மீட்டர் உயரம் வேண்டும். ஆண்டுவிழா பேனருக்காக மாட்டிய குறுக்குக் கம்பியையும் அளந்து பாருங்கள்.

மகளைக் கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதியில் சேர்க்கப் போகிறோம். பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது?
– தந்தை, விருதுநகர்

பெண்கள் விடுதி என்றால் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே தீயணைப்புத் துறைச் சான்று. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் அதிகாலை ஃப்ரிட்ஜ் வெடித்து இரண்டு பெண்கள் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மின் மீட்டர் எல்லாம் ஒரே படிக்கட்டுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒன்றே வேண்டாம் என்று சொல்லப் போதும். ஜன்னல் கிரில்லில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். பிறகு மகளையே கேட் வரை நடக்கச் சொல்லி, சாவியில்லாமல் திறக்கச் சொல்லுங்கள்.

101-ஆ, 112-ஆ?
– பலர்

இரண்டும் சரி. போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: கல்லூரி, ஊர், எந்த கேட், எந்த விடுதி, எத்தனையாவது மாடி. பிறகு என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். ஒருவரை மெயின் கேட்டுக்கு அனுப்பி, வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள், கேட் சாவியோடு.